மெழுகைக் கழுவிவிட்டு அளந்தவருக்கு

காலம் கணிக்கும் கூடத்தின் தலைவரே! கடவுளர் வரலாற்றையும் கார்பன் அணுவையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்ட போதெல்லாம் இழுத்துப் பிடித்து நேராக உட்காரவைத்த பேராசிரியரே! ஆசையை அறிவித்துவிட்டு அளக்கத் தொடங்கும் அம்மையீரே! இரண்டு துறைக்கும் பொதுவானவரே, ஆகவே இரண்டு துறையிலும் ஏச்சு வாங்கியவரே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நீங்கள் ஓய்வு பெறும் நாளுக்கான இந்த மடலை முதலில் இயற்பியல் துறை எழுதியது. சமய வரலாற்றுத் துறை அதைப் படித்துவிட்டு, இது பாராட்டு மடலா, இயந்திரத்தோடு வரும் உத்தரவாதச் சீட்டா என்று கேட்டது. பிறகு சமய வரலாற்றுத் துறை எழுதியது. முதல் வாக்கியம் எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று இயற்பியல் துறை கேட்டது. கடைசியில், எந்தத் துறையிலும் சேராத ஒருவன் எழுதட்டும் என்று முடிவாகி, முடுக்கி இயந்திரத்தை இரவில் பார்த்துக்கொள்பவனிடம் தாள் வந்து சேர்ந்தது. இங்கே படிக்க வந்து பாதியில் நிறுத்தியவன், யாருக்கும் பயப்பட மாட்டான் என்று நினைத்திருக்கிறார்கள். எழுதியிருக்கிறான். கையெழுத்து எல்லோருடையது.

உங்கள் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த விழாவுக்கு அழைக்கப் போனபோது வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இவ சாமியைப் படிக்கிறாளா, சயின்ஸைப் படிக்கிறாளா? ஒருத்தராவது எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கப்பா. இவ சொல்ல ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம்தான் வருது." சொல்கிறோம், அக்கா. மடல் உங்கள் தங்கைக்குத்தான். ஆனாலும் நடுவில் கொஞ்சம் உங்களைப் பார்த்தும் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கார்பனில் மிக மிகச் சிறிய பங்கு, தானாகவே சிதைந்து குறையும் வகை. மரத்தை வெட்டிய அன்றோடு வரத்து நின்றுவிடும். குறைவது மட்டும் நிற்காது. எவ்வளவு மிச்சம் என்று எண்ணிவிட்டால், அந்த மரம் எப்போது செத்தது என்று சொல்லிவிடலாம். எலும்பும் துணியும் கரியும் அப்படியே. நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் முடுக்கி இயந்திரம் அந்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. உள்ளே போவது நகத்துணுக்கு அளவு மரம். வெளியே வருவது, இன்று உயிரோடிருக்கும் ஒருவருக்கும் நினைவில் இல்லாத ஒரு காலம். இதை எழுதுபவன் எதற்கும் எளிதில் வாயைப் பிளப்பவன் அல்ல. அந்த இயந்திரத்தின் பக்கத்தில் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்திருந்தும் அவனுக்கு இது இன்னும் பழகவில்லை.

அம்மையீர், அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இயற்பியல் முனைவராக நீங்கள் இங்கே வந்தீர்கள். வந்த சில வருடங்களில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோயில் கதவிலிருந்தும் மடத்துச் சுவரிலிருந்தும் பிரார்த்தனைப் புத்தகத்தின் அட்டையிலிருந்தும் துணுக்குகள் வருகின்றன. நாம் எண்ணி, ஒரு வருடத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வருடம் போய் யார் வீட்டுக் கூரையில் விழுகிறது என்று நமக்குத் தெரியாது. இந்தச் சந்தேகம் எங்களுக்கும் வந்ததுண்டு. ஒரு டீ குடித்தால் போய்விடும். உங்களுக்குப் போகவில்லை. தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பேராசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி, சமய வரலாற்று முதுகலை வகுப்பின் கடைசி பெஞ்சில் மாணவியாகப் போய் உட்கார்ந்தீர்கள். முதல் கட்டுரைக்கு உங்களுக்குக் கிடைத்தது தேர்ச்சிக்குக் கீழே. அதை உங்கள் அறைச் சுவரில் ஒட்டிவைத்தீர்கள். பிறகு அங்கேயும் முனைவர் ஆனீர்கள்.

அதற்குப் பிறகுதான் இரண்டு துறைக்கும் பொதுவான முதுநிலைப் படிப்பு உண்டானது. இடம் கேட்டபோது, இரண்டு துறைக்கும் நடுவில் இருந்த சாமான் அறையைக் கொடுத்தார்கள். ஒரு கதவு இயற்பியல் பக்கம் திறக்கும், இன்னொன்று சமய வரலாற்றுப் பக்கம். ஜன்னல் கிடையாது. ஆடுகிற மேசை, ஆறு நாற்காலி, ஒரு கரும்பலகை, சத்தம் போடும் தண்ணீர்க் கெட்டில். அவரவர் தங்கள் பக்கத்துக் கதவை மட்டும்தான் திறந்து வருவார்கள், அதே வழியாகத்தான் போவார்கள். இரண்டையும் திறந்துபோட்டவர் நீங்கள் ஒருவர்தான். காற்று வருகிறதே என்று கேட்டால், "வரட்டும், அதுக்குத்தான்" என்பீர்கள்.

அந்த அறையில் நீங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். வேறெங்கும் இப்படி இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஒரு பொருளை அளப்பதற்கு முன்னால் அதோடு தொடர்புள்ள எல்லோரையும் உட்காரவைப்பீர்கள். ஒவ்வொருவரும் தனக்கு எந்த விடை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைப் பலகையில் எழுதுவீர்கள். விடை வரும்வரை யாரும் அழிக்கக் கூடாது. விஞ்ஞானிக்கு ஆசை கிடையாது என்று இயற்பியல்காரர்களுக்குக் கோபம். தங்கள் ஆய்வை ஆசை என்று சொல்கிறார்களே என்று வரலாற்றுக்காரர்களுக்குக் கோபம். நீங்கள் இரண்டு கோபத்தையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுவானாலும் சரி" என்று யாராவது சொன்னால் தொலைந்தார். "எதுவானாலும் சரின்னா எதுக்குய்யா அளக்கிறோம்? போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. ஆசை வந்தப்புறம் வா." எத்தனை பேராசிரியர்கள் அப்படி வெளியே அனுப்பப்பட்டார்கள் என்பது அவர்கள் கௌரவத்தை முன்னிட்டு இங்கே எழுதப்படவில்லை.

ஒரு தடவை மட்டும் காரணம் சொன்னீர்கள். "ஆசைப்படுறது தப்பில்ல. தராசுல கை இருக்கிறது கூடத் தப்பில்ல. கை வச்சிருக்கேன்னு முதல்லயே சொல்லிட்டா, அந்தக் கனத்தைக் கழிச்சுக்கலாம். சொல்லாம வச்சிருக்கிறவனைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

உங்கள் பணியை முழுக்கச் சொல்ல, இந்த மடலை மாட்டப்போகும் கண்ணாடிச் சட்டம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். தடி விஷயம்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறிய வழிபாட்டுக் கூட்டம் இருக்கிறது. நீளமான ஒரு கூடம், வரிசையாக பெஞ்சுகள், முன்னால் ஒரு மேடை, மேடையில் ஒரு தடி. அவர்களுடைய குரு ஊன்றி நடந்த தடி அது என்பது அவர்கள் நம்பிக்கை. கண்ணாடிப் பெட்டி கிடையாது. வருகிறவர்கள் தொட்டுக் கும்பிடுவார்கள். பிடி இருக்கும் இடம் வழவழவென்று கறுத்துப்போயிருக்கும்.

குரு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவர் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது, ஒரு புத்தகத்தைத் தவிர. அது நீங்கள் எழுதியது. பழைய பாடல்களின் மொழியை வைத்து, அவர் எழுநூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவர் என்று அதில் வாதாடியிருந்தீர்கள். உங்கள் இரண்டாவது முனைவர் பட்டம் அந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது. உங்கள் மாணவி ஒருத்தி அதே வழியில் மேலே போய்க்கொண்டிருந்தாள். ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று யார் எப்போது கேட்டாலும் "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு" என்று சொன்னதால் அவளுக்கு முக்கால் என்றே பெயர். அவளுக்குக் கொடுத்த உதவித்தொகை அந்தப் பருவத்தோடு நின்றுவிடும். நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. தடி எழுநூறு வருடத்தது என்று வந்தால் ஆய்வேடு முடிந்தது, பட்டம் கையில். இல்லையென்றால் விடுதி அறையைக் காலிசெய்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தடியின் அடியிலிருந்து ஒரு சிராய் எடுக்க அந்தக் கூட்டத்தார் சம்மதித்தார்கள். இரண்டு கதவு அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தடியைக் காக்கும் பெரியவர் சலவைச் சட்டையோடு வந்திருந்தார். மாதிரிகளை அமிலத்தில் கழுவிச் சுத்தம்செய்யும் விரிவுரையாளர், நாங்கள் அமிலத்தார் என்று கூப்பிடுபவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முக்கால் முதலில் சொன்னாள். "எழுநூறு."

அமிலத்தார் வழக்கம்போல, "எனக்கு எதுவானாலும்" என்று ஆரம்பித்தார். நீங்கள் கதவைக் காட்டினீர்கள். "இருங்க, இருங்க. பிழை வரம்பு சின்னதா வரணும். அதான் என் ஆசை" என்றார். அதுவும் ஆசைதான் என்று எழுதிக்கொண்டீர்கள்.

பெரியவர் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "வருஷம் எதுவா வேணா இருக்கட்டும்மா. அவர் கையில இருந்ததா இருக்கணும். அவ்வளவுதான்."

"எனக்கும் எழுநூறுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு உங்கள் ஆசையையும் எழுதினீர்கள். "என் புத்தகம் பொழைக்கணும்."

விடை வந்தது. எழுநூறு. கொஞ்சம் கூடக் குறைய இல்லை, நெற்றியில் அடித்த மாதிரி எழுநூறு. பிழை வரம்பும் சின்னது. முக்கால் இயற்பியல் பக்கத்துக் கதவு வழியாக ஓடிவந்து, இதுவரை பேசியே இராத ஆட்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள். பெரியவர் எல்லோருக்கும் இனிப்புக் கொண்டுவந்தார். அமிலத்தார் இரண்டு எடுத்துக்கொண்டார்.

நீங்கள் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே பலகையைப் பார்த்தபடி நின்றீர்கள். இரண்டு பேர் கேட்ட விடை, கேட்டபடியே வந்திருக்கிறது. அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஆசைப்பட்டது நடந்தால் சந்தோஷம் வரும். உங்களுக்குச் சந்தேகம் வரும். குப்பியில் மிச்சமிருந்த தூசி போன்ற துணுக்கை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினீர்கள். நகத்தின் மேல் வெள்ளையாக ஒரு சுருள் வந்தது. முகர்ந்து பார்த்தீர்கள்.

"முக்கால், இதுக்கு என்ன பூசுவாங்க?"

"மெழுகு. வருஷா வருஷம் எல்லாரும் சேர்ந்து பூசுவாங்க. நான்தான் ரெண்டாவது அத்தியாயத்துல பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கேனே. நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க."

"என்ன மெழுகு?"

"முன்னாடி தேன்மெழுகு. பெரியவரோட தாத்தா காலத்துல இருந்து கடை மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசுறாங்க."

அமிலத்தார் இனிப்பைக் கீழே வைத்தார். "மெழுகா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே!"

"நீங்க கேக்கவே இல்லையே!" என்றாள் முக்கால்.

அக்கா, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். கடை மெழுகு கல்லெண்ணெயிலிருந்து வருவது. அது எத்தனையோ கோடி வருடத்துக்கு முன்னால் செத்த உயிர்களின் கார்பன். அதில் எண்ணுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. நூற்றில் ஐந்து பங்கு அது மரத்தில் ஊறியிருந்தாலே போதும், மரத்துக்கு நானூறு வருடம் வயது கூடிவிடும். மண்ணில் புதைந்த கரியையும் எலும்பையும் கழுவிப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் அமிலத்துக்கு மண் போகும், மெழுகு போகாது. இது எங்கே புதைந்திருந்தது, நெருப்பு பட்டதா, பசை ஒட்டினார்களா என்றெல்லாம் கேட்டிருந்தோம். இதை யாராவது கும்பிட்டார்களா என்று கேட்கவில்லை. வரலாற்றுக்காரர்கள் அந்தக் கும்பிடைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதற்கு எடை உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு பேராசிரியர் அந்த இடத்தில் யாரையாவது திட்டியிருக்கலாம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். "உங்க ரெண்டு பேரையும் சொல்லி என்ன? மெழுகுல கார்பன் இருக்குன்னு எனக்குத் தெரியும். தடியில மெழுகு இருக்குன்னும் எனக்குத் தெரியும். ரெண்டும் இந்த ஒரே தலைக்குள்ளதான் இருந்துச்சு. நடுவுல கதவைச் சாத்தி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அமிலத்தார்தான் மெல்லச் சொன்னார். "மேடம், நாம முறைப்படி செஞ்சிருக்கோம். எழுதி வச்ச விதி எதையும் மீறலை. இந்த எண்ணை யாரும் குறை சொல்ல முடியாது." அவர் கெட்டவர் அல்ல. முக்காலின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

முக்கால் உங்களைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, இந்த எண் இருந்தா நான் இந்த மாசமே முடிச்சிடுவேன். போச்சுன்னா, நான் வீட்டுக்குப் போகணும். போனா திரும்பி வர மாட்டேன். எனக்குத் தெரியும்."

நீங்கள் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. கொடுமையாகவும் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தை இதுவரை நாங்கள் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டோம். "மறுபடி அளக்கணும்தான். அதுல மாத்தமில்ல. நீ கேக்கலைன்னா நாளைக்கு நான் கேப்பேன். ஆனா இது உன் ஆய்வு. இன்னிக்கு ஒரு நாள் உன்னோடது. நீ கேட்டா அது உன் முடிவு. என் புத்தகத்தை நினைச்சுத் தயங்காதே. அது என் கவலை."

அன்று முழுவதும் அவள் அந்த ஜன்னலில்லாத அறையில் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறியது. மாலையில் எழுந்து உங்கள் அறைக்கு வந்தாள். "மெழுகைக் கழுவிட்டு அளங்கம்மா" என்றாள்.

படித்தவர்கள் பெரிய முடிவெடுப்பதை இதற்கு முன் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் குழு அமைப்பார்கள்.

இன்னொரு சிராய் வேண்டும் என்று கேட்கப் பெரியவரிடம் நீங்களே போனீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நமக்குச் சாதகமாத்தானேம்மா வந்திருக்கு? அப்புறம் ஏன் திரும்பக் கேக்கிறீங்க?"

"சாதகமா வந்ததாலதான் ஐயா."

அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க குருவும் இப்படித்தான் இருந்திருப்பார்னு நினைக்கிறேன். பக்கத்துல இருந்தவங்க பாவம்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

மறுபடியும் இரண்டு கதவு அறை. வழக்கப்படி மறுபடியும் ஆசை. முக்கால் என்ன சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தோம். உண்மை எதுவோ அதுவே வேண்டும் என்று அழகாக ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். "எனக்கு இப்பவும் எழுநூறுதான் வேணும்" என்றாள். உங்கள் முகத்தில் அன்று வந்த பெருமையை நீங்கள் விருது வாங்கிய நாளில்கூட நாங்கள் பார்க்கவில்லை. "எனக்கும்தான்" என்று எழுதினீர்கள். அமிலத்தார் இந்த முறை மெழுகைக் கரைக்கும் கரைப்பானில் சிராயைத் திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவிய திரவம் தெளிந்த பிறகும் கழுவினார்.

முந்நூறு.

எழுநூறும் இல்லை, ஐந்நூறும் இல்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் குரு இறந்து வெகுகாலம் கழித்து முளைத்த மரம். ஒரே எண், மூன்று பேரின் ஆசையை ஒன்றாகச் சாய்த்தது. அமிலத்தாரின் ஆசை மட்டும் பலித்தது. பிழை வரம்பு சின்னது. அவர் அதற்காகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அந்தக் கூடத்துக்கே போய், பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று சொன்னீர்கள். நாங்களும் வந்திருந்தோம், அமிலத்தார் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "தடி உங்க குரு கையில இருந்தது இல்ல. அவர் காலத்துக்கு அப்புறம் வந்த மரம். முதல்ல வந்த விடை தப்பு. தப்பு எங்களோடது." இந்த நான்கு வாக்கியத்துக்கு மேல் நீட்டவில்லை.

பெரியவர் எழுந்தார். "அப்போ நாங்க இத்தனை நாள் தொட்டுக் கும்பிட்டது?"

பொய்யாகத் தேற்ற உங்களுக்கு வராது என்று எங்களுக்குத் தெரியும். இப்போது என்ன ஆகும் என்று பயந்தோம். நீங்கள் பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள். சிராயின் வெட்டுமுகத்தை நுண்நோக்கியில் வைத்து எடுத்த படம். மரத்தின் மேல் மெழுகு, அதன் மேல் மெழுகு, அதன் மேலும் மெழுகு. எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய மெல்லிய அடுக்குகள்.

"இது எத்தனை வருஷத்து மெழுகுன்னு அடுக்கை வச்சு என்னால சொல்ல முடியாது. ஆனா நடுவுல பூசாம விட்டிருந்தா அந்த இடத்துல தூசி கனமாப் படிஞ்சிருக்கும். அப்படி ஒரு இடம்கூட நான் பாக்கலை. அடியில தேன்மெழுகு, மேல கடை மெழுகு. மெழுகு மாறியிருக்கு. கை விடவே இல்ல. எங்க இயந்திரம் ஏமாந்தது இதுலதான் ஐயா. அது சுலபமா ஏமாறுற இயந்திரம் இல்ல."

பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள், "இதுல எங்கம்மா பூசினது எது?" என்று கேட்டார். தெரியாது என்றீர்கள்.

"தடி அவரோடது இல்ல" என்றார் பெரியவர் மெதுவாக. "ஆனா மெழுகு எங்களோடதுதானே?"

"அதுல சந்தேகமே இல்ல ஐயா."

அவர் படத்தைத் தடியின் பக்கத்தில் சாய்த்துவைத்தார். பிறகு, "இனிமே எந்த மெழுகு பூசலாம்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

"எதை வேணா பூசுங்க. என்ன பூசினீங்கன்னு எழுதி மட்டும் வைங்க. எனக்கு அப்புறமும் யாராவது வருவாங்க."

கூடத்தில் முதலில் சிரித்தது அவர்தான்.

முக்கால் வீட்டுக்குப் போகவில்லை. நம் காலக்கணிப்புக் கூடத்தில் மாதிரிப் பொட்டலங்களை வாங்கிப் பிரித்து வைக்கும் வேலை காலியாக இருந்தது. நீங்கள் துணைவேந்தர் வாசலில் நின்று அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். பகலில் பொட்டலம் பிரித்தாள். மிச்ச நேரத்தில், முன்பு எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். பழைய பாடல்களில் குருவின் கைகள் வெறுமையாக இருக்கும். அது அவளுக்கு முன்பே தெரியும். தடி வரும் பாடல்கள் தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள். தொலையவில்லை. தடி முதன்முதலில் பாட்டில் வருவது முந்நூறு வருடத்துக்கு முன்னால்தான், அந்தக் கூட்டத்தை அவர்கள் இருந்த ஊரிலிருந்து துரத்திய பிறகு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்திருக்கிறார்கள். நடக்க வேண்டி வந்தவர்கள், தங்களோடு நடந்துவர ஒரு குருவைத் தேடி, அவர் கையில் ஒரு தடியைக் கொடுத்திருக்கிறார்கள். எழுநூறுக்கு உங்கள் புத்தகம் சாட்சியாக வைத்த பழஞ்சொற்கள் வெகுகாலம் கழித்தும் புழங்கியவை என்றும் காட்டினாள். இதுதான் அவள் ஆய்வேடு. முதலில் எழுதியதைவிட நூறு மடங்கு நல்ல ஆய்வேடு என்று, எதையும் முழுசாகப் படிக்காத நாங்களே சொல்கிறோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உங்களிடம் கேட்டார்: "இந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் உங்கள் புத்தகம் தவறு என்கிறது. வழிகாட்டி என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

"இருக்கு" என்றீர்கள். "என் தப்பை இன்னும் தெளிவா எழுதச் சொன்னேன். அவ மரியாதை பாக்கிறா."

அம்மையீர்! வியப்பு என்ற சொல்லை மேடையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். நாங்கள் அதைச் சிக்கனமாக வைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத அணுவைப் பிடித்து எண்ணும் இயந்திரம் ஒரு வியப்பு. முந்நூறு வருடம் ஒரு மரக்கட்டையை விடாமல் தொட்ட கைகள் ஒரு வியப்பு. தன் ஆசையைப் பலகையில் எழுதி, அது பலித்ததும் பயந்து, அதைத் தன் நகத்தாலேயே கீறிப் பார்த்த ஒருவர் எங்களோடு அதே கெட்டிலில் டீ போட்டுக் குடித்தார் என்பது இன்னொரு வியப்பு. முதல் இரண்டையும் விளக்க எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்று கூடத்துக்கு எந்தப் பொட்டலம் வந்தாலும், புதைந்ததா, எரிந்ததா என்ற கேள்விகளுக்குப் பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது: இதை யாராவது கும்பிட்டார்களா, எதைக் கொண்டு? அந்த வரி முக்கால் எழுதியது. அடுத்த பருவத்திலிருந்து இரண்டு கதவு அறை அவள் பொறுப்பு. பட்டம் வாங்கிய அன்று அமிலத்தார் அவளை "முழுசு" என்று கூப்பிட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. முக்கால்தான்.

அக்கா, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். உங்கள் தங்கை சாமியையும் படித்தார், சயின்ஸையும் படித்தார். இரண்டுக்கும் நடுவில் கதவைத் திறந்துவைத்தார். அதனால்தான் வீட்டுக்கு வரத் தாமதமானது.

வழக்கமாக இந்த இடத்தில் நீடூழி வாழ்க என்று எழுதி முடிப்பார்கள். உங்கள் அறையில் அப்படி முடியாது. அளப்பதற்கு முன்னால் ஆசையைச் சொல்ல வேண்டும். நேற்று இரண்டு கதவு அறையில் கூடினோம். நீங்கள் இல்லாமல் நடந்த முதல் கூட்டம். முக்கால் சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

பெரியவர் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: அடுத்த முறை மெழுகு பூச நீங்கள் வர வேண்டும். அமிலத்தார்: நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதம் ஒருமுறை வந்து எங்களைத் திட்ட வேண்டும். உங்கள் அக்கா தொலைபேசியில்: "அவ வீட்டுல ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்கணும்." முக்கால்: நீங்கள் நூறு வயது தாண்டி, அவள் எழுதும் புத்தகத்திலும் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்: நோயில்லாமல், கவலையில்லாமல், நெடுங்காலம்.

இதை எழுதுபவனின் முறை வந்தது. எனக்கு எதுவானாலும் சரி என்றான். முக்கால் கதவைக் காட்டினாள். போய் டீ குடித்துவிட்டு வந்தான். வந்து சொன்னான்: அவர் போகக் கூடாது.

இது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். தராசில் கை இருக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் பலகையில் எழுதியாகிவிட்டது. விடை வரும்வரை யாரும் அழிக்கப் போவதில்லை.

பணிவன்புடன்,
காலக்கணிப்புக் கூடத்தார்,
இயற்பியல் துறையார், சமய வரலாற்றுத் துறையார்
(இரண்டு கதவு வழியாகவும் வந்து கையெழுத்திட்டவர்கள்)